கண் பார்க்கிறவள்

என் நாத்தனாரை மீன் ஃபேக்டரியில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு எட்டாவது. வேலை, மீனின் கண்ணைப் பார்ப்பது.

வளர்ப்புக் குளத்திலிருந்து வரும் மீன்கள் கரண்ட் தொட்டிக்குள் விழுந்து, நினைவு தப்பி, பெல்ட்டில் ஏறி வரும். முதலில் அவள், அடுத்து கத்தியோடு நான். அவள் மீனை எடுத்துப் பக்கவாட்டில் சாய்ப்பாள். உடம்போடு கண்ணும் சேர்ந்து சாய்ந்தால் நினைவில்லை, என் பக்கம் தள்ளிவிடுவாள். உடம்பு சாய்ந்தும் கண் மட்டும் சாயாமல் நின்றால் உள்ளே முழித்திருக்கிறது என்று அர்த்தம். கட்டையால் மண்டையில் ஒரே போடு. அப்புறம்தான் என் கத்தி செவுளுக்குப் போகும்.

"சாகப்போற மீனுக்கு இவ்வளவு உபசாரமா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"சாகட்டும் அண்ணி. தெரிஞ்சு சாக வேணாம்" என்பாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனபோதுகூட ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காதவள், மூதேவி.

கரண்ட் அதிகமானால் சதையில் ரத்தப் புள்ளி விழும். வாங்குகிறவர்கள் ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடனே சூப்பர்வைசர் கரண்டைக் குறைத்தார். மீன்கள் அசையாமல்தான் வந்தன. அவள் ஒன்றைச் சாய்த்தாள், கண் சாயவில்லை. அடுத்ததும் அப்படியே. கை ஓயாமல் அடித்தாள். பெல்ட் காத்திருக்குமா? அவளைத் தாண்டி மீன்கள் என் கத்திக்கு வந்துகொண்டே இருந்தன. சிவப்பு பட்டனை அடித்துப் பெல்ட்டை நிறுத்திவிட்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். கண் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான்.

"மரத்துப்போய்க் கெடக்கு சார், மயங்கல. எல்லாம் முழிச்சிருக்கு."

அவரும் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தார். "தெரியுதும்மா. கரண்ட ஏத்தினா லோடு திரும்புது. இன்னொரு தடவை திரும்பினா ஃபேக்டரிக்குப் பூட்டுதான். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். நான் யாரைப் பிடித்துத் திட்டுவது?

அவளை ஐஸ் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். அவள் நின்ற இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "இன்னைக்கு எப்படி வந்துச்சு அண்ணி?"

"எல்லாம் அசந்து தூங்கிட்டுத்தான்டி வந்துச்சு. உனக்கு வேற பேச்சே கிடையாதா? சாப்பிடு."

நான் எங்கே பார்த்தேன்? பார்க்கக் கூடாது என்றே குனிந்து அறுத்தேன். ஆனால் சனியன் பிடித்த கை சும்மா இருக்கிறதா? ஒருநாள் ஒன்றைச் சாய்த்துவிட்டேன். அன்றைக்கு அவள் கேட்டபோது சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன்.

"பாத்துட்டியா?"

தலையாட்டினேன். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இனிமே பாக்காத அண்ணி. பாத்தா உனக்குக் கை நடுங்கும். நடுங்கினா அதுங்களுக்குத்தான் இன்னும் நேரமாகும். சீக்கிரமா அறுத்துரு."