செவலையின் கழுத்து மணி

போன வருஷம் பொங்கலுக்கு நடந்தது இது. குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகாத மலைச்சரிவில் இருக்கிறது என் அம்மா வீடு. நான் வாக்கப்பட்டது போடியில். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. மற்ற லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பொங்கலுக்கு மட்டும் மலையேறிவிடுவேன். அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பாதி ஆசை செவலையைப் பார்க்கத்தான்.

செவலை எங்கள் குதிரை, சுமை தூக்குகிறவள். கீழே வந்து இறங்குகிற அரிசி, சிமெண்டு, கேஸ் சிலிண்டர், தோட்டத்து உரமூட்டை எல்லாம் அவள் முதுகில்தான் மேலே போகும். ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் அவள் முதுகில்தான் கீழே இறங்கும். அப்பா அவளுக்குத் தீனி போட்டார் என்பதைவிட, அவள்தான் எங்களுக்குச் சோறு போட்டாள் என்று சொல்ல வேண்டும். குரங்கணி டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தராவிட்டால் ஓரடி நகர மாட்டாள், அவ்வளவு திமிர். ஆனால் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் முதன்முதலில் அவள் மேல் ஏறிப்போன அன்றைக்கு, பன்னையும் மறந்தாள். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். மடியில் என் மகள் அசையாமல் தூங்கினாள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சுமை இறக்கியதும் குதிரையை அவிழ்த்து விட்டுவிடுவோம். கழுத்து மணி ஆட ஆட ஓடைக்கரையில் மேய்ந்துவிட்டு அதுவே வீடு வந்து சேரும். அதனால் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால், முதல் நாளே குதிரைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் குதிரையைக் கட்டிப்போட்டுப் புல் அறுத்துப் போடுவோம். அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளாக யாரும் இதை மீறியதில்லை.

மாட்டுப்பொங்கலன்று செவலையைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டினோம். மத்தியானம் அவிழ்த்து விட்டார் அப்பா. ஓடைக்கரைத் தோட்டத்தை அந்த வருஷம்தான் ஒருவர் புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய வேலையாட்கள் எல்லாரும் பொங்கல் லீவு. அந்த மனிதர் கீழேயிருந்து ஆள் கூட்டிவந்து அன்றைக்கே மருந்து அடித்திருக்கிறார். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தும் மணிச்சத்தம் கேட்கவில்லை. தேடிக்கொண்டு போனோம். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற வளைவில் விழுந்து கிடந்தாள். வீடு வந்து சேரத்தான் பார்த்திருக்கிறாள். வாயில் நுரை, மூச்சில் மருந்து வாடை, கால்கள் நாலும் வெடவெடவென்று நடுங்கின. நெற்றிக் குங்குமம்கூட அழியவில்லை. அப்பா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

சேதி கேட்டு அந்தக் குத்தகைக்காரர் வந்தார். ஒரு ‘அடடா’ கூடச் சொல்லவில்லை.

“ஏம்ப்பா, குதிரையக் கட்டிப்போட்டு வளக்க மாட்டீகளா? நாறுறதுக்குள்ள வெரசா பள்ளத்துல உருட்டி விடுங்க” என்றார்.

அந்தப் பள்ளத்து ஓடைத் தண்ணீரைத்தான் அவருடைய ஆட்களே குடிக்கிறார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா எங்க செவலை இப்ப நின்னுக்கிட்டு இருக்கும். சொன்னா வாயில இருக்குற முத்தா உதுந்துரும்?” என்று கத்தினேன். பொம்பளைப் பிள்ளையை அடக்கி வை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு அப்பா மேலும் கோபம் வந்தது. மற்ற குதிரைக்காரர்கள் பொங்கலைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில், எங்கள் பலாமரத்தடியில் குழி வெட்டி மாலையோடு புதைத்தோம். கழுத்து மணியை மட்டும் அப்பா கழற்றிக்கொண்டார்.

குழி மேட்டு மண் காயவில்லை, அந்த மனிதரிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது.

“உர லோடு குரங்கணியில கெடக்கு. எப்பப்பா குதிரைய அனுப்புற?”

நக்கல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நக்கல் இல்லை. அவருக்கு மறந்தே போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எந்தக் குதிரைய மொதலாளி?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்பா போனை வைத்தார். தோட்ட முதலாளி ஒருவரிடம் அப்பா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. மணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“உனக்குத் தோணுனதச் செய் ஆத்தா” என்றார்.

நேராக அந்தத் தோட்டத்துக்குப் போய், இரும்புக் கதவின் கம்பியில் மணியை வைத்து இறுக்கி முறுக்கிக் கட்டினேன். நல்லெண்ணம் ஒன்றும் கிடையாது. கதவைத் திறக்கிறபோதெல்லாம் அந்த ஆள் காதில் அது அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே கழற்றி எறியச் சொன்னாராம். அங்கே காய் எடுக்கிற பெண்கள் அதைத் தேடி எடுத்துத் திரும்பக் கட்டிவிட்டார்கள். அவர்கள் வீட்டு அரிசியும் செவலை சுமந்ததுதானே. அவர் கழற்ற, இவர்கள் கட்ட, கடைசியில் அவர்தான் சலித்துப்போனார். இப்போது மருந்து அடிக்கிற நாளுக்கு முதல் நாள், அந்தப் பெண்கள் மணியைப் பிடித்து விடாமல் ஆட்டுகிறார்கள். கேட்டவர்கள் குதிரையைக் கட்டிப்போடுகிறார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கம் எந்தக் குதிரையும் மருந்தில் சாகவில்லை.

“அதான் நல்லது நடந்துருச்சே, இன்னுமா கோவம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆமாம், இன்னும்தான். இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த மணி அடித்தது. ஊரே குதிரையைக் கட்ட ஓடியது. நான் மட்டும் செவலை வருகிறாள் என்று வாசலுக்கு ஓடிவந்து வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் ஆகாது, ஆறவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்க வேண்டியவளுக்காக வந்த இந்தக் கோபத்தை நான் ஆறவிடப் போவதில்லை.