கோப்பி அரைக்கும் பத்து நிமிடம்

வெளிநாட்டுச் சவர்க்காரத்தின் வாசம்தான் முதலில் வந்தது. அதன் பின்னால் பால்மா, புதுப் பிளாஸ்டிக், பெயர் தெரியாத ஏதோ ஓர் அத்தர் என்று ஒவ்வொன்றாக எழுந்து, தன்னாமுனையில் இருந்த எங்கள் வீட்டின் நடு அறையை யாரோ அந்நியருடைய அறைபோல ஆக்கிவிட்டன. ஆறு வருடங்களுக்குப் பிறகு குவைத்திலிருந்து வந்திறங்கிய அம்மா, கயிறு சுற்றிய பெட்டியைத் திறந்துவைத்து, பெரியம்மாவுக்குச் சேலை, பெரியப்பாவுக்கு டோர்ச்லைட், எனக்குச் சப்பாத்து என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு துவாயில் சுற்றியிருந்ததை மட்டும் மடியில் வைத்து மெதுவாக அவிழ்த்தார். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு சின்னச் சில்வர்ப் பாத்திரங்கள். மேல்பாத்திரத்தின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள். "கோப்பி வடிக்கிற பில்டர்" என்றார். சப்பாத்து என் காலுக்கு இரண்டு அளவு சிறியது. அதை நான் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. நாலு வயதில் அப்பா நோயில் போய்விட்டார். ஐந்து வயதில் அம்மா வீட்டு வேலைக்குக் கடல் கடந்தார். அன்றிலிருந்து என்னைக் குளிப்பாட்டியதும், தலை இழுத்துப் பின்னியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு இருந்ததும் அம்மாவின் அக்காவான பெரியம்மாதான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அவரைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டேன். பெற்ற அம்மா எனக்குத் தொலைபேசியில் வருகிற குரல், மாதம் ஒருமுறை "சாப்பிட்டியா மனே, படிக்கிறியா மனே" என்று கேட்கிற குரல்; எங்கள் பக்கத்தில் மகளையும் "மனே" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் ஆளாக வந்து வீட்டுக்குள் நின்றபோது அதை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "இஞ்ச பாருங்க" என்றும் "அவங்க" என்றும் பேசிக் காலத்தைக் கடத்தினேன்.

வந்த மூன்றாம் நாளே அம்மா கோப்பி வடிக்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் கோப்பி என்றால் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த தூளைக் கொதிநீரில் போட்டுக் குடிப்பதுதான். கடையில் வாங்கிய அந்தத் தூளை அம்மா பில்டரில் போட்டுச் சுடுநீர் ஊற்றினார். தூள் சேறுபோல இறுகித் துளைகளை அடைத்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்து பார்த்தால் கீழே ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. "இந்தச் சாயம் இறங்கிறதுக்குள்ள நாம நெல்லு வெட்டிட்டு வந்திரலாம் கா" என்று தங்கச்சியைப் பார்த்துப் பெரியம்மா சிரித்தார். அடுத்தநாள் செங்கலடிச் சந்தையில் பதுளைப் பக்கத்திலிருந்து வந்த கோப்பிக்கொட்டை வாங்கி, தாச்சியில் வறுத்து, உரலில் இடித்தார்கள். அது பாதி தூளும் பாதி கல்லுமாக இருந்ததில், ஊற்றிய தண்ணீர் ஊற்றிய கையோடு கீழே போய்விட்டது. குடித்துப் பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர். பெரியம்மாவின் தேங்காய்ச் சம்பல் அரைக்கிற பிளெண்டரிலும் ஒருநாள் போட்டுப் பார்த்தார்கள். மோட்டார் புகைந்தது. பெரியப்பா வாவியில் வலை போட்டு வந்து வளவுக்குள் நுழையும்போதே, "என்ன கா கருகுது?" என்று கேட்டார்.

ஒரு கோப்பிக்கு ஏன் இந்தப் பாடு என்று எல்லோரும்தான் நினைத்தோம். அம்மா மட்டும், "அரைக்கிறதுக்கு ஒரு மெசின் வேணும். பெரிய விலை இல்லாம ஒண்டு பாப்பம்" என்று சொல்லி, சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். "அவளும் வரட்டும்" என்று பெரியம்மாதான் என்னை அனுப்பினார். எனக்கு இஷ்டமில்லை. பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மின்சாரப் பொருள் கடை. கடைக்காரத் தம்பி கையளவான ஒரு மெசினை எடுத்து, அம்மா துணிப்பையில் கொண்டுவந்த வறுத்த கொட்டையில் ஒரு பிடி போட்டு, மூடியை அழுத்தினான். உள்ளே ஒரு சின்னக் கத்தி சுற்றியது. கால் நிமிடத்தில் முடிந்தது. அம்மா தூளை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், "சூடாகிட்டு தம்பி. பாதி மா, பாதி குறுணி. மா போய் ஓட்டையை அடைக்கும், குறுணியில சாயம் இறங்காது" என்றார். பத்திரம் எழுதுகிறவர்போல அவ்வளவு நிதானமாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. தம்பி சளைக்காமல் மேல் தட்டிலிருந்து பெரியதொன்றை இறக்கினான். அதில் கத்தி இல்லை. இரண்டு பல்லுச் சக்கரங்களுக்கு நடுவில் கொட்டை நசிந்து ஒரே அளவான தூளாக விழுந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. விலையைக் கேட்டார். பிறகு அந்தத் தூளைத் திரும்ப ஒருமுறை தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது வாங்கிறதெண்டா நான் இன்னொருக்காப் போகவேணும்."

பகிடியாகத்தான் சொன்னார். அவர் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போய்விடுவார் என்பதும் பிடிக்கவில்லை என்று அந்தக் கடையில், அந்த மெசினுக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. "இது வேணாம். வாங்க போவம்" என்று அவருடைய கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பி வரும்போது எங்கள் தரிப்பில் இறங்காமல், அதையும் தாண்டிப் போய் ஏறாவூரில் இறங்கினோம். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், பழைய இரும்புச் சாமான்களும் தராசுகளும் தையல் மெசின்களும் விற்கிற கடை ஒன்று இருந்தது. அதை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர்; அப்படியானவர்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் என்ற முறையில் "காக்கா" என்போம். தொப்பி போட்ட, தாடி நரைத்த கடைக்காரர் எங்களைக் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு, என்னைக் காட்டி அம்மாவிடம், "ஆரு தங்கச்சி, ஒங்கட மகளா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பதிலை எனக்காக விட்டுவைத்தார் என்பது இப்போது புரிகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இவங்கட அக்காட மகள்" என்றேன். "ஓம் காக்கா, எங்கட அக்காட மகள்" என்று அம்மா சொன்னார். குரல் உடையவில்லை. கோபமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு உடனே, கோப்பி அரைக்கிற மெசின் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. மரப்பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து கனத்த இரும்பு மெசின் ஒன்றைத் தூக்கி வந்தார். மேலே புனல், பக்கத்தில் கைபிடி, உள்ளே பல்லுச் சக்கரம். பின்னால் இருந்த திருகாணியை இறுக்கினால் தூள் நைசாகும், இளக்கினால் பருக்கும். அம்மா மூன்றுமுறை திருகாணியை மாற்றி மாற்றி அரைத்துப் பார்த்தார். மூன்றாம் முறை விழுந்தது மெல்லிய ரவைபோல இருந்தது. "இதுதான். இந்தப் பதம்தான்" என்றார். ஒரேயொரு குறை: மேசை விளிம்பில் பூட்டுகிற அடிப்பிடியின் மரை தேய்ந்திருந்தது. "அதுதான் வெல கொறச்சி தாறன்" என்றார் காக்கா. "பூட்டினா நிக்காது. ஒராள் சுத்தக்குள்ள இன்னொராள் அமத்திப் புடிக்கணும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ புடிப்பியா?"

வந்திறங்கிய நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். என்னிடம் அவர் கேட்ட முதல் விஷயம் அது. நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் போகுமுன் ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் எங்களுக்கு அந்த மெசினோடு கழிந்தது. சமையல் குசினியில் உட்காருகிற மரவாங்கின்மேல் அதை வைத்து நான் இரண்டு கையாலும் அமத்திப் பிடிக்க, அம்மா எதிரே குந்தியிருந்து சுற்றுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க வழியில்லை. முதல் கிழமை மெசின் மட்டும் "கறகற" என்று பேசியது. பிறகு அவர் என்னிடம் எந்தப் பாடம் விருப்பம் என்று கேட்டார். நான் குவைத்தில் மழை பெய்யுமா என்று கேட்டேன். அவர் வேலை செய்த வீட்டில் கும்பகோணத்துப் பக்கத்து அக்கா ஒருவர் சமையல் செய்தாராம். பின்னேரம் நாலு மணிக்கு அந்த அக்கா இந்தப் பில்டரில் கோப்பி வடிப்பாராம். முழுநாளும் நின்றே வேலை செய்த இரண்டு பெண்களும் உட்காருவது அந்த ஒரு கோப்பிக்கு மட்டும்தானாம். வரும்போது பில்டரைக் கையில் கொடுத்து, "ஊருக்குப் போயும் உட்காரு" என்று அந்த அக்கா சொன்னாராம். கோப்பிக்கு ஏன் இந்தப் பாடு என்று அன்றுதான் விளங்கியது.

ஒருநாள் அந்த வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொன்னார். பிறந்த கிழமையிலிருந்து அம்மாதான் வளர்த்தாராம். "அவன் என்னை 'மாமா' எண்டுதான் கூப்பிடுவான். அவங்கட பாசையில அது அம்மா." சொல்லிவிட்டுக் கைபிடியை விடாமல் சுற்றினார். எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கும் மறக்கவில்லை. கை இளகியது. மெசின் சரிந்து என் பெருவிரலை வாங்கோடு நசித்தது. "அம்மா!" என்று கத்தினேன்.

வளவு கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குசினி வாசலுக்கு வந்தவர், அம்மா என் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருப்பதையும், நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்திருப்பதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்காது. "தண்ணிக்குள்ள வை கா விரலை" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் விளக்குமாற்றை எடுத்தார். அதன் பிறகு நான் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் யாரையென்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரிந்தது, எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று மாலை பெரியப்பா, அந்தத் தேய்ந்த மரையை ஒட்டுக்காரரிடம் கொடுத்துச் சரிபண்ணி வரட்டுமா என்று கேட்டார். "கிடக்கட்டும். புள்ள புடிப்பாள்தானே" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

மாசி மாதத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் வந்தார். இன்னும் இரண்டு வருடம், சம்பளம் கூட, வீடும் நல்ல வீடு என்றார். அம்மா அவருக்கும் ஒரு கோப்பி வடித்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "நான் போகல்ல தம்பி" என்றார். ஏன் என்று அவர் கேட்டார். பெரியம்மாதான், "அவளுக்கு இஞ்ச வேல இரிக்கு" என்றார். வேலை ஒன்றும் அப்போது இருக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேருமாகச் சோத்துப் பார்சல் கட்டி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் காசில்தான் நான் படித்தேன். பின்னர் அதே வளாகத்தில் நூலகத்தில் வேலையும் கிடைத்தது.

இப்போது செங்கலடியில் வீடு. போன மாதம் கோப்பி அரைக்க மெசின் வாங்கவென்று தொலைபேசியில் தேடினேன்; கையால் சுற்றுவது, கரண்டில் சுற்றுவது, கத்தி, பல்லு என்று நூறு படங்கள் வந்தன. அம்மாவுக்கு அழைப்பெடுத்துக் கேட்டேன். கையால் சுற்றுவதைச் சொல்லுவார் என்று நினைத்தேன். "கரண்டில வாங்கு மனே. பல்லுச் சக்கரம் உள்ளதாப் பாரு, கத்தி வேணாம். உனக்கென்ன பத்து நிமிசம் சும்மாவா கிடக்கு?" என்றார். அந்தப் பழைய மெசின் எங்கே என்றால், பல் தேய்ந்துபோய் இரும்புக்காரனுக்குக் கொடுத்து இரண்டு வருடமாம். எனக்குச் சொல்லவே இல்லை. ஏறாவூர் ஒழுங்கையில் அந்தக் கடையும் இல்லை. அங்கே இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். பெரியப்பா இல்லை. பெரியம்மாவும் போன வருடம் போய்விட்டார். கடைசி நாட்களில் அவருக்குச் சோறு ஊட்டியதும் அம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். புது மெசினில் கொட்டையைப் போட்டேன். அரை நிமிடத்தில் முடிந்தது. தூளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். வடித்த கோப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பெரியம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, குவைத்துக்குப் போகும்போது என்னை அவர் கையில் கொடுத்த அந்த நாளை முதன்முறையாக எனக்குச் சொன்னார். நான் அழுதேனாம், அம்மா பஸ்ஸில் ஏறும்வரை பெரியம்மா அழவில்லையாம். அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகவிருந்த மூன்றரை மணி பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அம்மாவுக்கும் கேட்டது. கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.