எஞ்சினில் இல்லாத சத்தம்

சூடேறிய எஞ்சினின் மேல் ஒரு முனையை ஊன்றி, மறு முனையைக் காதுக்கு முன்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டால், இரும்புக் கம்பி முதலில் சில்லென்றுதான் இருக்கும். பிறகு மெல்ல வெதுவெதுப்பாகி, அதோடு சேர்ந்து எஞ்சினுக்குள் நடக்கிற அத்தனை சமாசாரமும் மண்டைக்குள் வந்து இறங்கும். பெட்ரோல் வாசனையும் எரிந்த ஆயில் வாசனையும் மூக்கில் ஏற, பின்னல் ஃபேன் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என் பதினோராவது வயதின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அப்படித்தான் குனிந்து நின்றேன். தெருவிலிருந்த மற்றப் பெண்பிள்ளைகள் நல்ல துணி உடுத்திக்கொண்டு சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போய்வருகிற நேரம் அது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

அப்பாவுக்கு என் காது தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பாறைக்கு வெடிவைக்கிற கோஷ்டியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அந்த வேலை அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சுரங்கத்தை மூடிய பிறகு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு ஓட்டு வீட்டில் குடியேறினார். இரண்டு பஸ் மாறி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் தண்ணீர் ஏற்றுகிற வேலை பார்த்தார். அந்த அறையின் இரைச்சலில் மற்றவர்கள் ஒரு மாதம் தாங்கமாட்டார்களாம். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சுரங்கம் மூடும்போது கைக்கு வந்த பணத்தில் மிச்சமிருந்ததைப் போட்டு அவர் வாங்கியதுதான் அந்தக் கார். ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில், தார்ப்பாயின் கீழே, நான்கு சக்கரமும் தரையில் படுத்துக் கிடந்த வண்டி. பெட்டி மாதிரி நான்கு கதவு, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய நிறம். டெம்போவில் கயிறு கட்டி இழுத்துவந்து, எங்கள் சந்தின் கோடியில் மரக்கிடங்குச் சுவரோரமாக நிறுத்தினார். "இந்தத் தகர டப்பாவுக்குக் கொட்டுன காசுல ஒரு தையல் மிஷின் வாங்கியிருந்தா எனக்கு முதுகு நிமிந்திருக்கும்" என்று, கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாளெல்லாம் தைத்துவிட்டு வருகிற அம்மா, நாள் தவறாமல் சொன்னாள். அப்பாவுக்குக் கேட்காது என்பதால் அதை என்னிடம்தான் சொல்வாள்.

மெக்கானிக்கிடம் காட்ட வசதி கிடையாது. ரேடியேட்டர் ஒழுகினால் எங்கள் வீட்டு மஞ்சள்தூள் டப்பா காலியாகும், பெட்ரோல் டேங்க் கசிந்தால் துணி சோப்பு காணாமல் போகும். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயின்ட்டின் இடைவெளிக்கு ஒரு பழைய போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்ப்பார், பிளக்கை உப்புத்தாளில் தேய்ப்பார். மற்ற உதிரிகளுக்குச் சிவாஜி நகரில் 'குஜிரி' இருந்தது. செத்த வண்டிகளைக் கூறுபோட்டு விற்கிற பழைய இரும்புச் சந்தை. கண்ணால் பார்க்கிற பழுது எதுவும் அப்பாவிடமிருந்து தப்பாது. காதால் கண்டுபிடிக்கவேண்டிய பழுதுக்குத்தான் நான்.

எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, இடது முன்னங்கையை என் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கம்பியில் எனக்குக் கேட்கிறதை அதே தாளத்தில், அதே கனத்தில், அவர் கையில் நான் விரலால் தட்டிக் காட்டவேண்டும். மழைத்தூறல் மாதிரி விரல் நுனியால் தட்டினால், வால்வு பக்கத்துச் சத்தம் அது, "டாப்பெட்டு" என்பார். நகத்தால் இழுத்துக் காட்டினால் "பெல்ட்டு". பிறகு கண்ணைத் திறந்து, அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த ஆறு நாட்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி பேசினால் சந்தே திரும்பிப் பார்க்கும். சண்டையா என்று பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் பேச்சு படிப்படியாகக் குறைந்து, சோறு போடவா, விளக்கை அணைக்கவா என்கிற அளவுக்கு வந்து நின்றுவிட்டது. அம்மா வந்து படுத்தால் தூங்கிவிடுவாள். பள்ளியில் நடந்ததை நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இன்றைக்குச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் தட்டிக் காட்டியதை அப்பா ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் பயமில்லை; பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். "ஒருத்தன் காதுல உழுந்தா போதும், எல்லாரும் வெளிய வந்துடணும். கேட்டவன எதிர்க்கேள்வி கேக்கக்கூடாது" என்பார். யாரோ ஒரு புதுப் பையன் பொத்தென்றது என்று சொன்னபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அப்பா மட்டும் அவனோடு வெளியே வந்தாராம், பின்னாலேயே பாறை இறங்கிவிட்டதாம். அன்றைக்கு வெளியே வந்ததால்தான் நான் பிறந்தேன் என்று முடிப்பார்.

ஒரு வருஷம் பாடுபட்டதில் கார் தேறிவிட்டது. சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பியது, புகையில்லை, ஒழுகலில்லை. தங்கவயலில் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காரிலேயே போய் இறங்கலாம் என்று அப்பா சொன்னதும், அத்தனை நாள் தகர டப்பா என்று திட்டிய அம்மா, கம்பெனியில் கழித்துக்கட்டிய நீலக் கட்டம்போட்ட துணியைக் கேட்டு வாங்கிவந்து, கையாலேயே சீட்டுகளுக்கு உறை தைத்தாள். தான் பிறந்த, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்குவதை அவள் எத்தனை நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாளோ தெரியாது. தைக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா பானெட்டைத் திறந்தார், ஒரு துணியால் நான்கு இடம் துடைத்தார், மூடினார். "ஒரு வேலையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அதேதான். பழுதில்லாத காரின் பக்கத்தில் நின்றுகொண்டு, இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் போகும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது ஞாயிறு, ஒருமுறை கேட்டுப்பார்க்கிறேன் என்று ஜாடை காட்டி, கம்பியை எஞ்சினின் அடிப்பாகத்தில் வைத்தேன். எல்லாம் சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் கையை எடுத்து, மடக்கிய விரல் முட்டியால் கனமாகத் தட்டினேன். டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.

அவர் முகம் மாறிவிட்டது. பேரிங் போகிற சத்தம் அது. அன்றே வண்டியைச் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தி, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். நான் சக்கரத்தோரம் உட்கார்ந்து, கேட்கிற நம்பர் 'பானா'வை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பானருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அடியில் படுத்தபடியே அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். சுரங்கக் கூண்டில் முதல் நாள் இறங்கியபோது பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டது, கீழே வெக்கையில் உடம்பெல்லாம் உப்புப் பூத்தது, அம்மாவை முதன்முதலில் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தது. நான் பதில் சொல்லத் தேவையே இல்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைகள் அவை, அவற்றை நான் திருடித்தான் வாங்கினேன்.

நான்கு வாரம் அப்படி ஓடிற்று. பேரிங்கைக் கழற்றி விரலால் தடவித் தடவிப் பார்ப்பார், தேய்மானமே இல்லை. மாட்டி ஓடவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தட்டுவேன். "கைக்குத் தெரியல. ஆனா நீ கேக்குறியே" என்று மறுபடி சாக்கை விரிப்பார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. கம்பியை வைத்து, சத்தம் நின்றுவிட்டது என்று கையை ஆட்டிக் காட்டினேன். அப்பா தலையசைக்கவில்லை. "தானா வந்த சத்தம் தானா போவாது. பதுங்கிக்கினு இருக்கும். உன்னையும் உங்கம்மாவையும் வச்சிக்கினு நான் ஓட்டமாட்டேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் மறுநாளே குஜிரிக்கு ஆள் சொல்லிவிட்டார்.

வந்தவர் தாடி வைத்த, சாதுவான மனிதர். சந்துக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டார். "அண்ணா, எஞ்சின் சோக்காக் கீது. ஒரு சத்தமும் இல்லியே" என்று என் அப்பாவின் காதருகே கத்தினார். அப்பா வாங்குகிறவனுக்கு எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "இருக்குது பாய். அடியில இருக்குது. என் பொண்ணு கேட்டா" என்று என்னைக் காட்டினார். வந்தவர் என்னைப் பார்த்தார். சத்தம் இருக்கிறதா என்று அவர் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார் எங்களோடு இருந்திருக்கும். சொன்னால் அப்பா இனி என்றைக்கும் தன் கையை என்னிடம் நீட்டமாட்டார் என்று தோன்றியது, தலையைக் குனிந்துகொண்டேன். பழைய இரும்பு விலைக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னாலேயே அவிழ்த்து வைத்துக்கொண்ட சீட்டு உறைகளை அம்மா துவைத்துக் காயப்போட்டாள்.

கல்யாணத்துக்கு ரயிலில் நின்றுகொண்டு போனோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், நான் சுவரோரம் கார் நின்ற இடத்தில் படிந்திருந்த ஆயில் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதைத் தக்கவைத்துக்கொள்ளப் பொய் சொன்னேனோ, அதைத்தான் பொய் முதலில் கொண்டுபோயிற்று. பன்னிரண்டு வயது முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அந்த மரக்கிடங்கு இல்லை, அதன் இடத்தில் ஐந்து மாடி எழும்பிவிட்டது. சந்தில் கார்கள் மூக்கும் வாலும் உரச நிற்கின்றன, ஒன்றின் பானெட்டையாவது சொந்தக்காரர் திறந்து நான் பார்த்ததில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் தினமும் ஊர்கிறது. அதில் ஏதோ கரகரக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னேன். பையன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை மேடம், உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்றான். அதே பழைய வீட்டில், அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார் அப்பா. காது இப்போது முழுசாகப் போய்விட்டது. சொல்லவேண்டியதைப் போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டுவேன்.

போன மாதம் ஒருநாள் துணிந்து, எல்லாவற்றையும் அடித்தேன். அந்தக் காரில் சத்தமே இல்லை, நான் பொய் சொன்னேன், நீங்கள் என்னோடு இருக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று. அப்பா போனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எட்டப் பிடித்து, உதடு அசைய இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லம்மா. சத்தம் இருந்துச்சு. நீ சின்னப் புள்ள, மறந்துட்ட" என்றார்.

இல்லை இல்லை என்று நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன், மறுபடி அடித்துக் காட்டினேன். அவர் பிடிவாதமாகச் சிரித்துக்கொண்டு போனைத் தள்ளிவிட்டார். நான் பொய் சொன்னேன் என்பதை நம்பவேண்டியவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம், அவர் நம்பமாட்டேன் என்கிறார். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.