சமதரையில் ஒரு வேன்

பழனியாண்டியின் வேனை மஸ்கெலியாவில் யாரும் சமதரையில் பார்த்ததில்லை. தேத்தண்ணி குடிப்பதானாலும் முடி வெட்டுவதானாலும் சரிவில் இருக்கும் கடைக்குத்தான் போவார். வளைவுக்கு மேலே உள்ள கோயிலில் தினமும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டதால் அவருக்குப் பக்திமான் என்று பெயர். கோயிலுக்கு முன்னால் நல்ல இறக்கம் இருந்தது.

1998இல் ஸ்டார்ட்டர் மோட்டர் செத்துப்போனது. மற்றபடி வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. விடிந்ததும் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார். ரேடியேட்டருக்குத் துணியில் வடிகட்டிய மழைத்தண்ணீர்தான்.

"இம்புட்டும் பாக்குறீங்க, அந்த மோட்டர மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?" என்பார் மனைவி நாகலெட்சுமி.

"ஆண்டவன் இவ்வளவு இறக்கத்தக் குடுத்திருக்கான். மோட்டர் எதுக்கு?"

சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்தால் வேன் உருளும். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஆள் ஏற்றுவார். மற்ற ஆறு மாதம் வேன் சும்மா நிற்கும். 2001இல் அது பொறுக்க முடியாத நிலைக்கு வந்தது. மாத வாடகைக்கு நிரந்தரமாக ஒரு ஹயர் கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கூலியாகப் பேர் பதிய வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் ஹட்டனிலிருந்து வரும் ஐந்து ஆசிரியர்களுக்கு வேன் தேடினார் தோட்டப் பாடசாலை அதிபர் துரைராசா. யாழ்ப்பாணத்தவர், மேடும் பள்ளமும் இல்லாத மண்ணில் வளர்ந்தவர்.

"காலமை எழும்பித் தள்ளுற வான் எனக்கு வேண்டாம்," என்றார். "ஆனா உம்மை நான் கவனிச்சனான். எங்க நிப்பாட்டினாலும் சில்லுக்குக் கல்லு வைக்கிறீர். இவ்வளவு கவனமான ஆளை நான் இஞ்ச காணேல்லை. வாணி விழாவுக்கு வானைக் கொண்டு வாரும். பூசை முடிய முடிவு சொல்லுறன்."

மலையை வெட்டி நிரவிய பாடசாலை மைதானம்தான் அந்தத் தோட்டத்திலேயே மட்டமான ஒரே இடம். பழனியாண்டி வாசலுக்கு வெளியே சரிவில் ஒதுங்கப் பார்த்தார். அதிபர் விடவில்லை. நடு மைதானத்தில், சரஸ்வதி படத்துக்கு நேரே நிறுத்தச் செய்தார். என்ஜினை ஓடவிட்டபடியே இருக்கலாம் என்று நினைத்தார் பழனியாண்டி.

"சாம்பிராணிக்குப் பக்கத்தில டீசல் புகையோ? நிப்பாட்டும்!"

என்ஜின் நின்றது. சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"சரி, எடும்," என்றார் அதிபர்.

கூட்டத்தில் தேத்தண்ணிக்கடை செல்லசாமி நின்றிருந்தார். அவர் கடை நல்ல சரிவில் இருந்ததால் பழனியாண்டி அங்கே தினசரி வாடிக்கை. "என்னா பழனி, கல்ல எடுக்கவா?" என்று சிரித்தார்.

பழனியாண்டி சுற்றிலும் ஓர் இறக்கத்தைத் தேடினார். இறங்கி வந்து செருப்பைக் கழற்றினார்.

"சார், எங்க பக்கத்துல பூச போட்ட வண்டிய மோட்டர்ல எடுக்க மாட்டோங்க. அது தேரு மாதிரி. எல்லாரும் கை வச்சு நகத்தணும். பழம் நசுங்கினப்பறந்தான் என்ஜின்."

அப்படியொரு வழக்கத்தை அங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. செல்லசாமி தன் வாடிக்கையாளரை ஒரு கணம் பார்த்தார்.

"ஆமாங்க சார்," என்றார். "எங்க அப்பன் காலத்துல இருந்து."

துரைராசா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேனின் பின்னால் போய் முதல் ஆளாகக் கை வைத்தார். பழனியாண்டி உள்ளே ஏறிக் கியரைப் போட்டார். அரோகரா ஒலியோடு நான்கு பழமும் நசுங்கின. இருபது அடியில் என்ஜின் பிடித்தது.

"இப்பிடி ஒரு அருமையான வழக்கம் எங்கட பக்கம் இல்லை," என்றார் அதிபர் மூச்சு வாங்க. ஹயர் அன்றைக்கே உறுதியானது.

அடுத்த மாதமே பழனியாண்டி புது மோட்டர் போட்டார். அடுத்த வாணி விழாவில் மைதானத்தின் நடுவில் தானாகவே கொண்டுபோய் நிறுத்தினார். பூசை முடிந்தது. சாவியில் கை வைத்தார்.

துரைராசா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "என்ன ஐசே, உங்கட வழக்கத்தை நானோ உமக்குச் சொல்லித் தாறது? கையை எடும்!"

பழனியாண்டி கையை எடுத்தார்.

"தள்ளுங்கப்பா, அப்பன் காலத்து வழக்கம்!" என்று பின்னாலிருந்து செல்லசாமியின் குரல் கேட்டது. வேன் தேர்போல நகர்ந்தது. அதன் பின்னால், அதிபர் அழைத்திருந்த மூன்று லொறிகள், மோட்டரில் ஒரு குறையும் இல்லாதவை, தள்ளப்படுவதற்காக வரிசையில் நின்றன.