லொரெட்டா வெட்டிய கார்

ஒஹையோவில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த லொரெட்டாவுக்குப் புருஷன் வெர்ன் விட்டுப்போனது சின்ன வீடும், 1970-ஆம் வருஷத்துக் கார் ஒன்றும்தான். பெரிய இன்ஜின், இரண்டே கதவு, தெருவையே அதட்டிக்கொண்டு ஓடும் வகை. வெர்னை அடக்கம் செய்த குளிர்காலத்திலேயே அவன் தம்பி டெல்பர்ட் வந்தான். இன்ஜினில் வெடிப்பு விழுந்துவிட்டது, காசு வேண்டாம், வேறொன்று மாட்டித் தருகிறேன் என்றான். லொரெட்டா கண் கலங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபையார் முன்னாலேயே அவனுக்கு ஆப்பிள் பை என்ற பழப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள்.

கோடையில் சனிக்கிழமைதோறும் பழைய கார் வைத்திருப்பவர்கள் பர்கர் கடை முற்றத்தில் காரின் இன்ஜின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவன் பெயின்ட்டைப் பார்க்கமாட்டான். டார்ச் அடித்து இன்ஜினில் பொறித்த எண்ணைத்தான் பார்ப்பான். அது காரின் எண்ணோடு சேர்ந்தால்தான் மதிப்பு. லொரெட்டா கொண்டுபோய் நிறுத்திய காரில் ஒருவர் குனிந்து பார்த்து, "இது இந்தக் காரோட பொறந்த இன்ஜின் இல்லையேம்மா, பாதி விலை போச்சே" என்றார்.

காரோடு பொறந்த இன்ஜின் டெல்பர்ட்டின் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. வெடிப்பும் இல்லை, கீறலும் இல்லை. அவன் இல்லாத நேரம் போய்ப் பார்த்த லொரெட்டா அவனிடம் கேட்கப் போகவில்லை. கேட்டால் 'நீதானே எடுத்துட்டுப் போகச் சொன்னே' என்பான். ஆப்பிள் பை கொடுத்ததற்குச் சபையே சாட்சி.

அடுத்த மாதம் அவனே வந்தான்.

"இன்ஜின் மாறின வண்டிய எவனும் தொடமாட்டான், லொரெட்டா. அண்ணன் வண்டியாச்சேன்னு நான் எடுத்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மெக்கானிக் ரேயிடம் போனாள். பெரிய இன்ஜினாகப் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, அகலச் சக்கரத்துக்காகப் பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ரே கையைத் துடைத்துக்கொண்டே கணக்குச் சொன்னான். அப்படியே விற்றால் ஏதோ கிடைக்கும். பழைய இன்ஜினோடு சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. வெட்டினாலோ, செலவழித்ததில் பாதிகூடத் திரும்பாது. அப்புறம் பழைய இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தாலும் பிரயோஜனமில்லை.

"யார் வச்சாலுமா?"

"யார் வச்சாலும்தான்."

"அப்ப வெட்டு."

அந்த ஞாயிறு ஜெபத்தில் பிறரை மன்னிக்கிறோம் என்று சொல்லும் வரி வந்தபோது லொரெட்டா உதட்டை மூடிக்கொண்டாள். கர்த்தர் பார்த்திருப்பார். அவளும் அவருக்கு அதை மறைக்கவில்லை. சமையலறைச் சம்பளத்தில் சேர்த்ததெல்லாம் ரேயின் கைக்குப் போயிற்று.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் டெல்பர்ட் பர்கர் கடை முற்றத்துக்கு வந்தான். மூடியைத் துளைத்துக்கொண்டு நின்ற இன்ஜினைப் பார்த்தான். குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே வெட்டி ஒட்டிய தகரத்தைத் தடவினான். எழுந்திருக்க நேரமாயிற்று.

"பைத்தியமா உனக்கு? எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"தெரியும். ரே சொன்னான்." லொரெட்டா மடக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. "பாதி எனக்கு. மீதி உன் தார்ப்பாய்க்கடியில இருக்கு."

மறுநாள் சபையில் பாட்டு தொடங்கியபோது வெளியே அந்தக் கார் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் டெல்பர்ட்டின் கழுத்து மட்டும் திரும்பவில்லை, காதுவரை சிவந்திருந்தது. லொரெட்டா நேராகப் போய் அவனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.