கேட்டைத் திறக்காத புஷ்பா

நாடகம் தொடங்குவதற்கு முன்னால் புஷ்பா கூட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையோ தேடுகிறவள் போல. யார் எழுந்து மேடைக்கு வரப்போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள். முன்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரர் வருவார், வந்து சட்டம் பேசுவார். கைக்குட்டையை இப்போதே எடுத்து மடியில் வைத்திருக்கும் அம்மாள் வருவாள், வந்து அழுவாள். ஓரமாக நின்றுகொண்டே பார்க்கும் ஆட்டோக்காரர் வரவே மாட்டார். ஒரு கேட் எப்படி மூடியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அந்த ஆளு நிச்சயம் வருவான் பாரு," என்று கூட நடிக்கும் ஸ்ரீகாந்தின் காதைக் கடிப்பாள். "வரட்டும். இன்னா பேசினாலும் தொறக்காது. ஹவ்!"

மௌலா அலியில் வீட்டோடு சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் பிரியாமல் பீகோ அடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துச் சமையல்காரராகச் செகந்திராபாத் வந்தவர். அந்த வேலூர்த் தமிழில் பாதியும் இந்த ஊர்ப் பேச்சில் பாதியுமாகத்தான் புஷ்பா பேசுவாள்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. நாடகத்துக்கு வந்தது அவளாகத் தேடி வந்ததல்ல. பெண்கள் சங்கக் கட்டடத்தில் ஒருநாள் அனுபமா என்று ஒரு மேடம் வந்து எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, அவரவர் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னாள். மற்றவர்கள் மாமியாரையும் தண்ணீர்க் குழாயையும் பற்றிச் சொன்னார்கள். புஷ்பா தன் புருஷன் செத்ததைச் சொன்னாள். அனுபமா அழுதுவிட்டாள். அழுது முடித்ததும், "இதையே நாடகமாப் பண்ணலாங்க அக்கா," என்றாள். கோயம்புத்தூர்க்காரி. நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களோடுதான் பெரிய கஷ்டம், அவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

நடந்தது இதுதான். புருஷன் ஜெகதீஸ்வரன் பாலாநகரில் ஒரு சின்ன முலாம் பூசும் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு மத்தியானம் உள்ளே அமிலம் கொட்டி, புகை கிளம்பி, அவன் போன் பண்ணினான். நெஞ்சை அடைக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போ என்றான். புஷ்பா ஓடினாள். கேட்டில் சூப்பர்வைசர் நின்றான். எடுத்த வேலை முடியாமல் ஆளை வெளியே விட முடியாது, முதலாளி உத்தரவு, உட்காரும்மா, வருவார் என்றான். அவள் சண்டை போட்டாள், கெஞ்சினாள், கடைசியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட் திறந்தது. நாலு பேராகச் சேர்ந்து ஜெகதீஸ்வரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்த வகை நாடகத்தில் பார்க்க வந்தவர்களுக்கும் வேஷம் உண்டு. முதலில் கதை ஒருமுறை கடைசிவரை நடக்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். இந்தத் தடவை கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம், மேடைக்கு வந்து அந்தப் பெண்டாட்டியின் இடத்தில் நின்று, அவள் செய்யாத ஒன்றைச் செய்து பார்க்கலாம். சூப்பர்வைசர் வேஷக்காரர் சூப்பர்வைசர் எப்படிப் பேசுவானோ அப்படியே பதில் பேச வேண்டும். வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் கேட் திறக்கும். நடக்கவே நடக்காத காரியத்தை யாராவது செய்தால், மற்றவர்கள் 'மேஜிக்' என்று கத்தலாம், அது செல்லாது. கேட் என்பது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் குறுக்கே ஒரு மூங்கிலும்.

ஆரம்பத்தில் புஷ்பா தன்னுடைய வேஷத்தைத்தான் போட்டாள். ஸ்ரீகாந்த் சூப்பர்வைசர். யாராவது 'ஸ்டாப்' என்றால் அவள் எழுந்து ஓரமாகப் போய் நிற்க வேண்டும். தான் உட்கார்ந்த இடத்தில் ஊர்பேர் தெரியாத ஒருத்தி வந்து நின்று, தான் செய்திருக்க வேண்டியதைச் செய்து காட்டுவதைக் கைகட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தவர் வீட்டு எழவில் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வருமோ தெரியாது. ஒருத்தி மூங்கிலை உதைத்தாள். ஒருத்தர் கலெக்டருக்குப் போன் போட்டார். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் நிதானமாக, "இவர் உள்ளே செத்தால் போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும், உன் முதலாளியை அல்ல," என்று எடுத்துச் சொன்னாள். ஸ்ரீகாந்த் இளகின மனசுக்காரன். மூங்கிலைத் தூக்கிவிட்டான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண் புஷ்பாவைக் கட்டிக்கொண்டு, "யு ஆர் ஸோ பிரேவ்," என்றாள்.

அன்று வீட்டுக்குப் போன புஷ்பா சோறு பொங்கவில்லை. தையல் மிஷினின் முன்னால் துணி எதுவும் போடாமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அனுபமாவிடம் போய், "சூப்பர்வைசரு வேஷம் நான் கட்றேன் மேடம். அந்தப் பையனுக்கு வரல," என்றாள்.

அனுபமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொடுமைக்கு ஆளானவளே கொடுமைக்காரன் வேஷம் கட்டுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பத்துப் பேரிடம் சொன்னாள், ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்தாள். ஏன் என்று மட்டும் யாரும் புஷ்பாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். யாராவது ஒருவர் பேசித் திறந்துவிட்டால் அது திறக்கக்கூடிய கேட் என்று ஆகிவிடும். திறக்கக்கூடிய கேட்டின் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தவள் என்று அவள் ஆகிவிடுவாள். இவ்வளவுதான் விஷயம்.

அன்றிலிருந்து அந்த மூங்கில் ஒரு தடவைகூட மேலே போகவில்லை. பெண்டாட்டி வேஷம் வேறு ஒருத்திக்குப் போயிற்று; ஸ்ரீகாந்த் புருஷன் வேஷத்துக்கு மாறி, நாற்காலிகளுக்குப் பின்னால் சுருண்டு படுத்து இருமுகிறான். புஷ்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பல்லிடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டே, "கைக்கு சில்லாரீ? பைட்டோ," என்பாள். எதற்குக் கத்துகிறாய், உட்கார். அந்த ஆள் சொன்ன அதே வார்த்தை, அதே சலிப்பு. சட்டம் பேசினவர்களிடம், "போய்ச் சொல்லுங்க சார், போங்க," என்று வழிவிடுவாள். அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாள். உதைக்க வந்தவர்களைப் பார்த்து, உள்ளே இருக்கிறவனுக்கு நாளைக்கு வேலை வேண்டாமா என்று மெதுவாகக் கேட்பாள். அதோடு கால் இறங்கிவிடும். சாமர்த்தியமாக யாராவது நெருங்கி வந்துவிட்டால், வேஷத்தைக் கழற்றாமலே, "மேஜிக்! மேஜிக்!" என்று முதல் குரல் அவள்தான் கொடுப்பாள். அவளுடைய வாழ்க்கை ஆயிற்றே, அவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

தோற்றுப் போனவர்களிடம் பிறகு அவளே போய் அன்பாகப் பேசுவாள். "பரவால்ல விடுங்க, யாராலும் முடியாது," என்று தோளைத் தட்டுவாள். அந்த நேரத்தில் அவள் முகம் தெளிந்துவிடும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். மற்றபடி நாடகக்காரர்களின் வழக்கம் எதுவும் அவளுக்குப் பிடிக்காது. காலையில் பயிற்சிக்காக எல்லோரும் கண்ணை மூடி மரமாக நிற்க வேண்டும் என்றால், "நான் மனுசியாவே நிக்கறேன், நக்கோ," என்று ஓரமாகப் போய் டீ குடிப்பாள்.

இந்த நாடகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவள் ஒரே ஒருத்திக்குத்தான் தடை போட்டிருந்தாள். மகள் ரக்ஷிதா. போலாரத்தில் காலேஜில் படிக்கிறாள். அப்பா செத்தபோது அஞ்சாங்கிளாஸ். அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். எல்லாம் பேசுவார்கள். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் மகள் கேட்டதில்லை, அம்மா சொன்னதுமில்லை.

வருடக் கடைசியில், டெல்லிக்காரர்கள் பணம் கொடுத்து நடத்திய இந்த நாடகத் திட்டத்தின் நிறைவு நிகழ்ச்சியை அனுபமா அந்தக் காலேஜிலேயே வைத்துவிட்டாள். வேறு இடம் பாருங்கள் என்று புஷ்பா சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை. அன்றைக்கு லீவு போடு என்று மகளிடம் சொன்னாள். "சரே," என்றாள் அவள். நிகழ்ச்சிக்கு வராவிட்டால் வருகைப்பதிவு கிடையாது என்று காலேஜில் அறிவித்திருந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை.

திரை இல்லாத மேடைக்குப் பின்னால் அனுபமா புஷ்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இன்னிக்கு டெல்லியில இருந்து வந்திருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் ஜெயிக்கட்டுங்க. சனங்க ஒரு நம்பிக்கையோட வீட்டுக்குப் போகோணுமில்லீங்களா?"

"நான் இன்னா நம்பிக்கையோட வீட்டுக்குப் போனேன் மேடம்?"

"இது நாடகந்தானுங்களே அக்கா."

"ஹவ். டிராமாதான்," என்று புஷ்பா நாற்காலிகளைச் சரிபண்ணப் போய்விட்டாள்.

முதலில் ஒரு விரிவுரையாளர் வந்து சட்டப் பிரிவுகளைச் சொன்னார், தோற்றார். பிறகு ஒரு மாணவி வந்து அழுதாள், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து அனுபமா கண்ணால் கெஞ்சினாள். புஷ்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து 'ஸ்டாப்' என்று ஒரு குரல் வந்தது. குரலைக் கேட்ட உடனேயே யார் என்று புஷ்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ரக்ஷிதா பையை யாரிடமோ கொடுத்துவிட்டு நடுவழியாக நடந்து வந்தாள். மேடை ஏறி, பெண்டாட்டி வேஷத்துக்கு வைத்திருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மூங்கிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர்கள் தாயும் மகளும் என்பது அந்த அரங்கில் நாடகக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

"யாரம்மா நீ? இன்னா வேணும்?" என்றாள் புஷ்பா. குரல் ஆடவில்லை. ஆடிவிடுமோ என்று பயந்ததால் வழக்கத்தைவிடக் கடுமையாகவே வந்தது.

ரக்ஷிதா அவளோடு பேசவே இல்லை. மூங்கிலைத் தொடவில்லை. திரும்பி, நாற்காலிகளை விட்டு விலகி, மேடையின் ஓரமாகவே நடந்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே சுருண்டு கிடந்த ஸ்ரீகாந்தின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். அவன் கையைத் தன் தோளில் போட்டு, போன வழியாகவே அவனை நடத்தி வெளியே கொண்டுவந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

"பின்னாடி வேன் வர்ற கேட்டு, மம்மி. ஆயுத பூஜைக்கு நாம அந்த வழியாதானே உள்ள போவோம்? டாடி என்ன தூக்கினு போவாரே. அங்க யாரும் நிக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வெகுநாளாக வாயில் வைத்திருந்ததைக் கீழே இறக்கி வைத்தவள் போலச் சொன்னாள்.

அந்தக் கேட் புஷ்பாவுக்குத் தெரியாததல்ல. ஆயுத பூஜைக்கு வேலைக்காரர்களின் குடும்பத்தையெல்லாம் உள்ளே கூப்பிட்டுப் பொரியும் லட்டும் கொடுப்பார்கள். பூசணிக்காய் உடைத்து வேனுக்கு மாலை போடுவது பின்கேட்டில்தான். அன்று மத்தியானம் முன்கேட்டில் அந்த ஆளோடு வாதாடிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வரவே இல்லையா, வந்தும் புருஷனுடைய வேலை போய்விடுமோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டாளா என்று இப்போது அவளாலேயே சொல்ல முடியாது. வருடங்கள் போகப் போக அவள் நினைப்பில் அந்த இடத்தில் ஒரு சுவர் எழும்பிவிட்டது. அனுபமாவிடம் கதை சொன்னபோது கம்பெனிக்கு ஒரே கேட்தான் இருந்தது.

அனுபமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, இத்தனை நாளில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்றாள். வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டாள், இது நடக்குமா, இல்லை மேஜிக்கா? கதைக்குச் சொந்தக்காரி சொல்லட்டும் என்று எல்லோரும் புஷ்பாவைப் பார்த்தார்கள். 'மேஜிக்' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் மகள் பொய்க்காரி, அவ்வளவுதான்.

"மேஜிக் இல்ல," என்றாள் புஷ்பா. "அந்தக் கேட்டு இருந்துச்சி."

அரங்கம் அதிர்ந்தது. டெல்லிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரக்ஷிதாவுக்கு அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது போலிருந்தது, "மம்மி," என்று ஒரு எட்டு முன்னால் வந்தாள். புஷ்பா அவளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக்கொண்டே, இன்னும் தன் மகளின் தோளில் கைபோட்டபடி புருஷன் வேஷத்தில் வேர்த்து நின்ற ஸ்ரீகாந்திடம் போனாள். ஒரு கையால் அவன் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்து, பாட்டிலை அவன் உதட்டில் வைத்தாள். நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் வாயைத் திறந்தான். கீழே சிந்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.