ஆர்லிஸ் நட்ட வெள்ளி மேப்பிள்

அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் அயோவா ஊரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. காரை மெல்ல உருட்டிக்கொண்டு தெருத்தெருவாக, நிறம் மாறிய மரத்து இலைகளைப் பார்க்கப் போவார்கள். எதிர்வீட்டு ஆர்லிஸுக்கு அந்த மாதம் முழுக்க வயிற்றெரிச்சல். காரெல்லாம் அவள் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும். அங்கே அவள் ஓரகத்தி லவோனின் சர்க்கரை மேப்பிள் மரம் செக்கச்செவேலென்று இருக்கும்.

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நல்ல மனுஷிதான், லவோன் பேச்சை எடுக்காதவரை. சர்ச் விருந்துக்கு லவோன் ஒரு கேசரோல் பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்தால் இவள் இரண்டு கொண்டுவருவாள். மரத்துக்கு என்ன செய்வது?

"நட்டாளா, தண்ணி ஊத்துனாளா? வீட்டோட வந்த மரம். அதுக்கு இவ்ளோ பவுசா?" என்று என்னிடம் பொருமுவாள்.

ஒருநாள் நர்சரிக்குப் போய், "இருக்கறதுலயே வேகமா வளர்ற மேப்பிள் எது?" என்று கேட்டாள். நிறத்தை அவள் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. மேப்பிள் என்றால் சிவக்கத்தானே செய்யும் என்று நினைத்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்! பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. வெள்ளி மேப்பிள் கன்றை வாங்கி வந்து, லவோன் வீட்டு எல்லையை ஒட்டி நட்டாள். ஊரார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம்.

மரம் வளர்ந்தது. அப்படியொரு வளர்ச்சி. சில வருடங்களிலேயே கூரையைத் தாண்டிவிட்டது. ஆனால் இலையுதிர் காலத்தில் வெளிறிய மஞ்சளாகி, ஒரு காற்றுக்கே கொட்டிவிடும். கார்கள் பழையபடி லவோன் வாசலில்தான் நின்றன.

வேர்கள் புல்தரையில் புடைத்துக்கொண்டு வந்தன. பிறகு கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து ஆர்லிஸின் கழிப்பறையை அடைத்தன. நிழலாவது மிஞ்சியதா? மரம் லவோன் வீட்டுக்கு மேற்கே. சாயங்கால வெயிலில் நிழல் முழுக்க லவோனின் முன்வாசலில் விழும். அவள் அங்கே நாற்காலி போட்டு ஐஸ் டீ குடிப்பதை ஆர்லிஸ் சன்னல் வழியே பார்த்துப் புழுங்குவாள்.

"வேரு எனக்கு, நிழலு அவளுக்கா? நல்லாருக்கே நியாயம்!"

மரம் வெட்டுகிற ஆளை வரச் சொல்லிவிட்டாள்.

ரம்பத்தின் சத்தம் கேட்டதும் லவோன் கையில் ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"அக்கா, வேணாங்க்கா! வெட்டாதீங்க!"

"ஏன்? உன் மரத்துக்கு என்ன கொறச்சல்? ஊரே வந்து பாக்குது."

"ரெண்டு வாரம் பாத்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு என்னக்கா லாபம்? கோடை பூரா என்னைக் காப்பாத்தறது உங்க மரம்தான். இத மாதிரி ஒண்ணு எனக்கு இல்லையேன்னு நான் ஏங்காத நாளில்ல."

ஆர்லிஸ் கையைக் காட்டி ரம்பத்தை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன? சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

சரியாகத்தான் கேட்டிருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே கேட்டதே. லவோன் பாவம், மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள் ஆர்லிஸ். இன்றும் அந்தக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அவசரத்துக்கு அவள் என் வீட்டுக்குத்தான் தெருவைக் கடந்து ஓடி வருகிறாள். இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி கழிப்பறைக்கு ஓடி நான் பார்த்ததில்லை.